மஞ்சள் மண்டியில் மஞ்சளைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எடுத்த தெருப் படங்களைத் தாங்கள் வெளியிட்டு வருவது நல்ல காரியம். யாரையும் நிற்க வைத்துச் சிரிக்கச் சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடி எடுத்த படங்களுக்குப் பத்திரிகையில் இடம் கிடைப்பது அரிது. அந்தப் பக்கத்தின் மேல் உள்ள பிரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் ஈரோடு மஞ்சள் மண்டியில் மூட்டை பிரிக்கும் பெண்களின் படம் வந்திருந்தது. நல்ல நொடியில் எடுத்த படம். ஒருத்தி சிரிக்க, இன்னொருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஆனால் படம் கறுப்பு வெள்ளை. விரலி மஞ்சள் குவியல், சிமெண்டுத் தரை, முழங்கை வரை ஒட்டிய பொடி எல்லாம் ஒரே வெளிறிய சாம்பலாகிவிட்டன. கீழே எழுதியிருந்ததைப் படிக்காவிட்டால் சுண்ணாம்புக் காளவாய் என்றே நினைத்திருப்பேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளுக்கு இந்த நிலை.

நான் சாயப்பட்டறையில் ஷேட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். துணி வாங்குகிற பையர் அனுப்பும் விரலளவுத் துணிக்கு ஈடாக நிறம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. லேப் டிப் என்று சின்னத் துண்டில் மாதிரிச் சாயம் போட்டு, விளக்குகள் மாற்றக்கூடிய லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பகல் வெளிச்சம், கடை ட்யூப்லைட், குண்டு பல்பு என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். பகலில் அச்சாக ஒத்துப்போன நிறம் ட்யூப்லைட்டில் காலை வாரிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நிறத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய பாடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இப்போது ஒரு சின்னக் கேமராவோடு சந்தை சந்தையாகப் போய்வருகிறேன்.

வண்ணத்தைச் சாம்பலாக்கும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வழக்கமான கணக்கில் பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று எடை போட்டு ஒரே வெளிச்ச அளவாகக் கூட்டிவிடுகிறார்கள். சிவப்பும் பச்சையும் கலந்த மஞ்சள் அதனால் வெளிறிப் போகிறது. குங்குமச் சிவப்பு இருண்டுவிடுகிறது. அடர்ந்த பச்சையும் கிட்டத்தட்ட அதே இருட்டுக்குத்தான் வந்து நிற்கும். அரக்குச் சேலைக்குப் பச்சைக் கரை போட்ட நெசவாளியின் வேலை படத்தில் அழிந்தே போகும். பெரிய மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நட்ட கம்பத்தைப் பிடுங்கி எடுக்கிற அன்று ஈரோட்டுத் தெருவே மஞ்சள் நீரில் நனைகிறது. அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஏதோ மழை பெய்த தெரு என்றுதான் தெரியும்.

இதைவிட எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் மூத்த தலைமுறையில், கணவனை இழந்த அம்மாக்கள் வெள்ளைச் சேலை கட்டுவது இன்னும் கண்ணில் படுகிறது. சந்தைக் கூட்டத்தில், நூறு நிறங்களுக்கு நடுவில் அந்த வெள்ளை தனித்து நடந்து போகும். அது அவர்கள் வாழ்க்கையைச் சொல்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இளமஞ்சள் சேலையும், ரோஸ் சேலையும், அந்த வெள்ளைச் சேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். நெஞ்சைத் தொட வேண்டும் என்று எடுத்த படத்தில், தொட வேண்டிய விஷயமே காணாமல் போகிறது.

ஈரோடு கனி மார்க்கெட்டில் ஒரு தம்பி, துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தாவை எடுத்துவிட்டுத் திரையில் காட்டினார். ஆத்தா உற்றுப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, பேத்தி எடுத்துக் குடுத்த சீலைய இன்னைக்குத்தான் கட்டியிருக்கறேன், இப்படிக் கறுப்பாக்கிப் போட்டயே?" என்றார். கிளிப்பச்சைச் சீலை அது. தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வயதானவர், கூலிக்காரர், கிழிந்த சட்டை என்றால் கறுப்பு வெள்ளை. தேர், கல்யாணம் என்றால் வண்ணம் என்று ஒரு பழக்கம் ஊறிவிட்டது. தங்கள் பக்கத்திலும் அதுவே நடக்கிறது. சாக்கு தைக்கிற அம்மாவும் காலையில் பீரோவைத் திறந்து, இன்றைக்கு எது கட்டலாம் என்று பார்த்துத்தான் வருகிறார்.

கறுப்பு வெள்ளையே கலை என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1935-ல் வந்த கோடாக்ரோம் வண்ணச் சுருளின் வேகம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன், மிகக் குறைவு; 10 அளவில்தான் இருந்தது. நிழலான சந்தில் ஓடுகிற ஆளை அதில் பிடிக்க முடியாது. 1947-ல் இந்தியா வந்து, காந்தியடிகளைச் சுடப்பட்ட நாளன்றே சந்தித்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் போன்றவர்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். அந்தப் படங்களின் பெருமை அந்த நிறத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் நம் நாட்டு ரகுபீர் சிங், 1999-ல் மறையும்வரை இந்தியத் தெருக்களை வண்ணத்திலேயே எடுத்துக் காட்டினார். அவரைப் பற்றித் தங்கள் பக்கத்தில் ஒரு கட்டுரை வர வேண்டும் என்பது என் ஆசை.

கறுப்பு வெள்ளை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணபுரம் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தைக்குச் சித்திரை வெயிலில் போய்ப் பாருங்கள். காங்கேயம் மயிலைக் காளையின் உடம்பே சாம்பலும் கறுப்பும்தான். திமிலின் திரட்சி, கொம்பின் வளைவு, காலடியில் கிளம்பும் புழுதி இவை எல்லாவற்றுக்கும் கறுப்பு வெள்ளை அவ்வளவு பொருத்தம். பக்கத்தில் கன்று நின்றால் மட்டும் நான் வண்ணத்துக்கு மாறிவிடுவேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதத்தை ஒட்டித்தான் சாம்பல் நிறத்துக்கு வரும். தாயையும் கன்றையும் ஒன்றாகப் பார்க்கிறவனுக்கு அந்த நிற வித்தியாசம்தான் படம். இரவில் பஸ் ஸ்டாண்டிலும் கறுப்பு வெள்ளை கைகொடுக்கும். ஃப்ளெக்ஸ் பேனரும், கடை விளக்கும், பஸ்ஸின் நீல வெளிச்சமும் ஒரே முகத்தின் மேல் விழுந்து அடித்துக்கொள்ளும்போது, முகத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை.

வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்பதை எடுக்கும்போதே தீர்மானிப்பதுதான் சரி. கேமரா பதிவதை அப்படியே வைத்திருக்கிற ரா கோப்பில் வண்ணம் பத்திரமாக இருக்கும், வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். கோப்பு மாறும், நின்ற இடமும் காத்திருந்த நொடியும் மாறாது. வண்ணத்துக்காகக் காத்திருப்பவன் சிவப்புக் குடை தெருமுனை தாண்டி வரட்டும் என்று நிற்பான். கறுப்பு வெள்ளைக்காரன் நிழல் சுவரைத் தொடட்டும் என்று நிற்பான். சுமாராக வந்த வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பினால், பழகிய கண்ணுக்கு அது தெரிந்துவிடும்.

நொய்யல் ஆற்றைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, சாயக்கழிவு ஆற்றில் ஓடியதால்தான். என் தொழிலின் தண்ணீர் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். செந்நீலமாக ஓடுகிற தண்ணீரைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால், வெயில் பட்டு மினுங்கும் அழகான ஆறாகத்தான் தெரியும். அங்கே நிறம்தான் சாட்சி. அதை அழித்த படத்தை எந்த அதிகாரி முன் வைத்தாலும் பயனில்லை.

ஆகையால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். படம் அனுப்புகிறவரிடம் வண்ண மூலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஊரும் மாதமும் போடுங்கள். இன்னொன்று: தெரியாமல் எடுத்த படம் என்றாலும், எடுத்த பிறகு படத்தில் இருப்பவர்களிடம் காட்டிச் சம்மதம் கேட்டாரா என்று விசாரித்துவிட்டே அச்சேற்றுங்கள், பள்ளிப் பிள்ளைகளின் முகம் வேண்டவே வேண்டாம். அந்த மண்டிப் படத்தின் வண்ண மூலம் கிடைக்குமானால், வரும் ஞாயிறு அதை அதே அளவில் மறுபடி போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.