கூட்டுக் குடிநீரும் ஊர்க் கிணறும்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உனக்குப் பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டினேன். ஆவணியில் குழந்தையைப் பார்க்க இருவரும் வருகிறோம்.

உங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள், நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தாய். 2025 தொடக்கத்தில் இந்த இணைப்பு அறிவிப்புகள் வந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்று பல ஊர்களில் மக்கள் திரண்டு போய் மனு கொடுத்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் பேச வேண்டியது தண்ணீரைப் பற்றி. இணைந்த பிறகு ஊர்க் கிணற்றுக்கும் ஏரிக்கும் யார் பொறுப்பு? மோட்டார் எரிந்துபோனால் யாரிடம் போய் நிற்பது? இதற்கு வாய்வார்த்தையாகப் பதில் வாங்கினால் போதாது.

எங்கள் ஊரில் நடந்ததைப் பார்த்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரே குழாயில் தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்தபோது ஊரே கொண்டாடியது. அதுவரை உப்புத் தண்ணீர் குடித்தவர்கள், கொண்டாடாமல் என்ன செய்வார்கள்? அப்புறம் மெதுவாகப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது நின்றது. எடுக்காத கிணற்றில் குப்பை விழுந்தது. ஏரியிலிருந்து ஊருணிக்கு வரும் வாய்க்காலில் முள் மண்டியது. ஒரு கோடையில் மெயின் குழாய் உடைந்தது. நாங்கள் குழாயின் கடைமடை, சரிசெய்த பிறகும் எங்களுக்குத் தண்ணீர் ஏறக் கடைசியில்தான் முறை வரும். அதுவரை டிராக்டர் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். கிணறு இருந்தும் அதில் வாளி விட முடியவில்லை.

கூட்டுத் திட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தைகளுக்குப் பல் பழுப்பேறும், பெரியவர்களுக்கு எலும்பு இறுகி நடையே மாறிவிடும். அங்கே எவ்வளவு ஆழமாகப் போர் போட்டாலும் அது தீராது. 2013இல் வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! ராமநாதபுரத்துக்குக் காவிரித் தண்ணீர் போவதும் அப்படித்தான். ஆனால் அதே ராமநாதபுரத்தில் ஊருணிகள்தான் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தன. குழாய் வந்துவிட்டது என்பதற்காக அவற்றைத் தூர்ந்துபோக விடலாமா? குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் ஊர்த் தண்ணீர் என்று இரண்டையும் வைத்திருக்கும் ஊர்தான் குழாய் உடைந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது பணம். உனக்குத் தெரிந்திருக்கும், ஊராட்சியின் இரண்டாவது வங்கிக் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்றே உள்ளது. கூட்டுத் திட்டத் தண்ணீருக்கு அளந்து பணம் கட்ட வேண்டும். ஊர்க் கிணற்றுக்கு மோட்டார் ஓடும் கரண்டும் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் சம்பளமும்தான். புதிதாகத் தொட்டி கட்ட எங்கிருந்தாவது நிதி வந்துவிடுகிறது. வால்வு மாற்றவும், தேய்ந்த குழாயை எடுத்துவிட்டுப் போடவும்தான் வருவதில்லை. மத்திய அரசின் 15வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனையோடு வந்தது. அதில் பாதி ஊர்த் துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் தண்ணீர் மறுசுழற்சிக்கும். கிணற்றைச் சுற்றி மழைநீர் இறங்க வழி செய்வதெல்லாம் இதில் அழகாக அடங்கும். எத்தனை ஊரில் செய்தார்கள் என்று நினைக்கிறாய்? நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். எங்கள் ஊருணிக்கு அப்படித்தான் பணம் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டதும் அனுப்புகிறார்கள். அதைப் பார்க்க மனசு நிறைகிறது.

மே தினக் கிராம சபையில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் பரிசோதிக்க ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? அவர்களில் ஒரு பெண் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்திருந்தாள், ஒன்று தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில், இன்னொன்று கடைசித் தெருவில். கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் தண்ணீரில் இருக்கிறதா என்று காட்டும் மருந்தை எல்லோர் கண் முன்னாலும் இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதலாவது மஞ்சளாக மாறியது. இரண்டாவது நிறமே மாறவில்லை, அதாவது குளோரின் துளிகூட இல்லை. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதுவரை சாலை விளக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அந்தப் பாட்டில் பக்கம் திரும்பியது. கடைசித் தெருக் குழாய் வரிசையை மாற்ற வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் எழுதினார்கள்.

இதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கிராம சபையில் ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். நகராட்சிக்குப் போனால் இது இருக்காது. அதற்குப் பதிலாக வார்டில் பகுதி மக்கள் கூடும் பகுதி சபை உண்டு, 2022 நவம்பர் 1 அன்றுதான் அதை முதன்முதலாகக் கூட்டினார்கள். ஊரே உட்கார்ந்து கணக்குக் கேட்கும் பழக்கம் அதில் வர இன்னும் காலமாகும் என்று நினைக்கிறேன். ஊருக்கென்று தனி வங்கிக் கணக்கும் இருக்காது. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத நேரத்தில் இணைப்பு போன்ற பெரிய முடிவு வருகிறதென்றால் சபைக்கு ஆள் கூடுவது இன்னும் முக்கியம்.

ஆகவே இப்படிச் செய். அடுத்த கிராம சபைக்கு முன்னால் கிணறு, போர்வெல், ஏரி, ஊருணி எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு ஒரு தாளில் எழுது. எது ஓடுகிறது, எது நின்றது, எதனால் என்று பக்கத்தில் குறி. தொட்டி இயக்குபவரைக் கூட அழைத்துக்கொண்டு போ, யாரையும்விட அவருக்குத்தான் குழாய் ஓடும் வழி தெரியும். இணைத்தாலும் இவை பராமரிப்பில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வா. நகல் ஒன்று எனக்கும் அனுப்பு. எங்கள் சபையில் காட்டுகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்