ஹிக்சென்ட்ரல் வைத்திருப்போர் கவனத்துக்கு: பாஸ்வேர்ட் மாற்றினால் மட்டும் போதாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பல இடங்களிலுள்ள கமராக்களை ஒரே கொம்பியூட்டரில் பார்க்க, கமரா நிறுவனமான ஹிக்விஷனின் ‘ஹிக்சென்ட்ரல் புரொஃபெஷனல்’ மென்பொருளைப் போட்டிருப்பவர்களுக்கே முதலில் இந்த மடல். என்விஆர் (கமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் கீழே வேலை இருக்கிறது.

2025 ஆகஸ்டில் அந்த நிறுவனமே ஒரு குறைபாட்டை அறிவித்தது. பாதுகாப்புக் குறைபாடுகளுக்குக் கொடுக்கப்படும் சிவிஇ இலக்கம் சிவிஇ-2025-39247, கடுமை 10க்கு 8.6. லொகின் செய்யாத ஒருவரே நிர்வாகியின் அதிகாரத்தைப் பெற்றுக்கொள்ள அது வழிவிடுகிறது. 2.3.1 முதல் 2.6.2 வரையான பதிப்புகளிலும் 3.0.0 பதிப்பிலும் இருக்கிறது. திருத்தப்பட்டவை 2.6.3, 3.0.1. நீங்கள் 2.6 வரிசையில் இருந்தால் 2.6.3 போதும், 3க்குத் தாவ வேண்டிய அவசரம் இல்லை.

“நாங்கள் நீளமான பாஸ்வேர்ட்தானே வைத்திருக்கிறோம்” என்று ஆறுதல்பட வேண்டாம். மென்பொருள் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும்: வந்தவர் யார், அவர் கேட்பதைக் கொடுக்கலாமா. முதலாவதை லொகின் பக்கம் பார்க்கிறது. இரண்டாவதை உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சேர்வர் (மென்பொருள் ஓடும் கொம்பியூட்டர்) பார்த்தாக வேண்டும். பொதுவாகப் பிழைப்பது இந்த இடத்தில்தான். காசாளரின் திரையில் ‘பயனரைச் சேர்’ என்ற பொத்தானை மறைத்திருப்பார்கள். ஆனால் அதே கட்டளையை வேறு வழியாக அனுப்பினால் சேர்வர் மறுபேச்சில்லாமல் செய்துகொடுக்கும்.

இது புதுமையும் அல்ல. 2017இல் வெளிவந்த சிவிஇ-2017-7921 ஹிக்விஷன் கமராக்களிலேயே இருந்தது. இணைய முகவரியின் கடைசியில் ஒரு சிறு துண்டை ஒட்டினால், பாஸ்வேர்ட் இல்லாமலே படமும் பயனர் பட்டியலும் வெளியே வரும். அந்தக் காலத்துக் கமராக்கள் இன்னும் பல சுவர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2017க்கு முன் வாங்கி, ஃபர்ம்வெயர் (கமராவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஒருமுறைகூட மாற்றாதவர்கள் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதல் வேலை ரவுட்டரில். 80, 443, 554, 8000 போர்ட்களை (இணையத்திலிருந்து உள்ளே வரும் இலக்கமிட்ட வாசல்கள்) வெளியே திறந்துவிட்டிருந்தால் இன்றே மூடுங்கள். டாஹுவா நிறுவனத்தின் கமரா வைத்திருப்பவர்களுக்கு 37777. கூடவே, கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறக்க விடும் யூபிஎன்பி வசதியையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் மூடிய போர்ட்டை என்விஆர் தானாகவே மறுபடி திறந்துவிடக்கூடும். நிறுவனத்தின் கிளவுட் செயலி வழியாகப் போனில் பார்ப்பவர்களுக்குத் திறந்த போர்ட் தேவையே இல்லை. நேரடியாகப் பார்க்க வேண்டியவர்கள் விபிஎன் (இணையத்தினூடே பூட்டிய தனிப்பாதை) போடுங்கள். வயர்கார்ட் என்ற விபிஎன் என்றால் ஒரேயொரு யூடிபி போர்ட், வழமையாக 51820, போதும்.

அடுத்தது, அப்டேட்டுக்கு முன் லொக் பதிவுகளையும் (யார் எப்போது என்ன செய்தார் என்ற குறிப்புகள்) பயனர் பட்டியலையும் பென் டிரைவில் எடுங்கள். பழைய பதிவுகள் மேல் புதியவை எழுதப்பட்டுவிடும். சேர்வரின் மணிக்கூடு +5:30இல் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்; நேரம் பிழைத்த லொக்கை வைத்து எதையும் நிறுவ முடியாது.

பிறகு தரவுத்தளத்தை பெக்கப் எடுத்து, யூபிஎஸ்ஸில் வைத்தே அப்டேட் செய்யுங்கள். மாரியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கமராவின் ஃபர்ம்வெயர் ஏறும்போது போனால் கமரா எழும்பாமலே போகலாம். பதிவு என்விஆரில் நடந்தால் இடைவெளி வராது. சேர்வரின் ஹார்ட் டிஸ்க்கில் என்றால் அந்த நேரம் எதுவும் பதிவாகாது. ஆகவே நகைக்கடைக்காரர்கள் இதைக் கடை பூட்டிய பிறகு செய்யாமல், ஆட்கள் நிற்கும் பகலில் செய்வதே நல்லது.

பலர் விட்டுவிடுவது இதற்குப் பிறகுள்ள வேலையை. அப்டேட் ஓட்டையை அடைக்கும்; ஏற்கெனவே உள்ளே வந்தவர் உருவாக்கிய பயனரை அழிக்காது. முன்பு எடுத்த பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். யாரென்று தெரியாத பெயர் இருந்தால் உடனே அழிக்காமல், முதலில் முடக்கிவிட்டு எங்களுக்கு அறிவியுங்கள். வேலையை விட்டுப் போனவர்களுடையதை நீக்குங்கள். கமரா, என்விஆர் பாஸ்வேர்ட்களும் சேர்வரில் சேமிக்கப்பட்டிருப்பதால் அவற்றையும் மாற்ற வேண்டும். இந்த வேலை அப்டேட்டுக்குப் பிறகுதான். முன்பே மாற்றினால் புதியவையும் அதே ஓட்டையால் போய்விடலாம். பாசிக்குடா, அறுகம்பை விடுதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வரவேற்பறையில் இருப்பவருக்கு நிர்வாகி லொகின் வேண்டாம். வாசல் கமராவை மட்டும் பார்க்கும் பயனர் ஒன்று போதும்.

அந்தக் கட்டுப்பாடு உண்மையில் வேலை செய்கிறதா என்று ஹிக்விஷன் என்விஆரில் நீங்களே பார்க்கலாம். முதலாம் கமராவுக்கு மட்டும் அனுமதியுள்ள பயனர் பெயரில், விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் என்விஆரின் ஆர்டிஎஸ்பி முகவரியை (நேரடிக் காட்சிக்கான முகவரி) திறவுங்கள். முடிவிலுள்ள 101 என்பது முதலாம் கமராவின் முதன்மைக் காட்சி, 102 அதன் துணைக் காட்சி. 101ஐ 201 என்று மாற்றிப் பாருங்கள். மறுக்க வேண்டும். இரண்டாம் கமராவின் படம் வந்தால், அந்தப் பயனருக்குக் கொடுத்த அனுமதிகளை மறுபடி திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தும் படம் வந்தால் ஃபர்ம்வெயரில்தான் பிழை.

எங்களை அழைக்கும்போது மென்பொருளின் பதிப்பு இலக்கமும் என்விஆரின் மாதிரி இலக்கமும் கையில் இருக்கட்டும். பாஸ்வேர்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எங்கள் ஆள் நேரில் வரும்போது நீங்களே அடித்துக்கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கமரா பொருத்தும் பிரிவு,
மட்டக்களப்பு