வில் பவர் உன்னிடம் குறைவில்லை, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். தம்பிக்கு செமஸ்டர் பரீட்சை நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "எனக்கு வில் பவரே இல்லைம்மா. ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கறேன், அப்புறம் அழுகையா வருது" என்றாய். ரூம்மேட் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றிவிட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படிப்பதற்குள் வேறு ஏதாவது வந்து உன்னை இழுத்துக்கொண்டு போய்விடும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ வில் பவர் இல்லாதவள் இல்லை. ப்ளஸ் டூவில் விடியற்காலை யாரும் எழுப்பாமல் எழுந்து கெமிஸ்ட்ரி படித்தவள். கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை என்றதும் மூலையில் உட்காராமல், வெளியே இன்டர்வியூ மேல் இன்டர்வியூவாகப் போய் இந்த வேலையை வாங்கியவள். அந்தப் பெண் எங்கேயும் போய்விடவில்லை. உன் கையில் இருப்பதுதான் அப்படிப்பட்ட பொருள். நீ அதை வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது என்பதற்காகவே கெட்டிக்கார ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து செய்தது.

கோபத்தில் சொல்லவில்லை, செய்தவர்களே ஒப்புக்கொண்டது இது. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்தால் 'அடுத்த பக்கம்' என்று அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் 'சரி, போதும்' என்று தோன்றிவிடும். 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், முடிவே இல்லாமல் கீழே கீழே வந்துகொண்டிருக்கும் முறையைச் செய்தார். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர் 2017-இல் இன்னும் உடைத்தே சொல்லிவிட்டார். ஆட்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுத்துக்கொள்வது எப்படி என்று யோசித்துத்தான் கட்டினார்களாம். மனித மனசின் பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டார்களாம். 2021-இல் ஃபிரான்சஸ் ஹாகன் என்ற பெண் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே சங்கடப்படும் டீன்ஏஜ் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்தச் சங்கடத்தைக் கூட்டுகிறது என்று சொன்னது அவர்களுடைய சொந்த ஆய்விலேயே இருந்தது.

இவ்வளவும் இருக்க, நீ இருட்டில் படுத்துக்கொண்டு உன்னையே திட்டிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை கண்ணு.

"எல்லாரும் எங்கேயோ போயிட்டாங்க, நான் மட்டும் இங்கேயே கிடக்கறேன்" என்றும் சொன்னாய். இதைப் பற்றி நான் படித்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கியது. ஒரேயடியாக ஊருக்கெல்லாம் திறந்துவிடவில்லை, அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரியாகப் போனது. அதனால் அது வந்துவிட்ட கல்லூரியையும் இன்னும் வராத கல்லூரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர் அந்த வருஷங்களில் மாணவர்களிடம் எடுத்த உடல்நல சர்வேக்களை வைத்து அப்படிப் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். ஃபேஸ்புக் வந்த இடங்களில் மனச்சோர்வு கூடியிருந்தது. காரணம் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என்கிறார்கள். அங்கே மற்ற மாணவர்கள் நிறையக் குடிக்கிறார்கள் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் கூடியிருந்ததாம், ஆனால் குடி கூடவில்லையாம்! அடுத்தவன் வாழ்க்கையைப் பற்றிய கணக்கே தப்பாகிவிட்டது. இத்தனைக்கும் அப்போது ரீல்ஸ் கிடையாது, லைக் பட்டன்கூட 2009-இல்தான் வந்தது.

அவர்கள் போடுவதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உன் கிளாஸ்மேட் பாலி போனது நிஜம், இன்னொருத்திக்கு ஆன்சைட் கிடைத்ததும் நிஜம். ஆனால் யோசித்துப் பார். நீ நானூறு பேரைப் பின்தொடர்ந்தால், ஒவ்வொருத்தருக்கும் வருஷத்தில் ஒரே ஒரு நல்ல நாள் வந்தால்கூட, தினமும் ராத்திரி யாரோ ஒருத்தருடைய மிக நல்ல நாள் உன் திரையில் இருக்கும். அந்த நானூறு பேரின் நல்ல நாட்களையும் நீ உன்னுடைய ஒரு செவ்வாய்க்கிழமையோடு ஒப்பிடுகிறாய், அதுவும் மேனேஜரிடம் பேச்சு வாங்கி, பி.ஜி. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்து படுத்த செவ்வாய்க்கிழமையோடு. இதில் யார்தான் ஜெயிக்க முடியும்?

என் வகுப்பிலும் பார்க்கிறேன். ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பிள்ளை, நல்ல களையான முகம், குரூப் போட்டோ எடுக்கும்போது மட்டும் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "போட்டோகிராபர் ஃபில்டர் போட மாட்டார் மிஸ்" என்றாள். அவள் தன் போனில் தினம் பார்க்கும் முகம் இரண்டு பங்கு வெளுப்பு, மூக்கு சின்னது. கண்ணாடியில் தெரியும் முகம்தான் அவளுக்கு இப்போது அந்நியமாக இருக்கிறது. பதினாறு வயசு! 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை நோகடித்த ஊர் நம்முடையது. அந்த நோவை இப்போது பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

'எல்லாவற்றுக்கும் போன்தான் காரணம்' என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியில்லை. ஆமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகளின் தகவல்களைப் பார்த்து, அவர்கள் மனநலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வில் அதிகபட்சம் 0.4 சதவீதத்துக்குத்தான் இந்தக் கருவிகளைக் காரணம் காட்ட முடியும் என்று 2019-இல் எழுதினார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷம் மார்க் ஷீட் போட்டவள் நான். வகுப்பு சராசரி 70 என்றால் கடைசி பெஞ்சில் 28 வாங்கிய பிள்ளை அதில் தெரியாது. எனக்கு உலகத்துச் சராசரி வேண்டாம், ராத்திரி ரெண்டு மணிக்கு அழுகிற என் மகளைப் பற்றித்தான் பேச்சு.

அதனால் வில் பவரை வைத்துச் சண்டை போடாதே. பகலெல்லாம் வேலை பார்த்துக் களைத்த மூளையிடம் ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டுப்பாடு கேட்பது நியாயமில்லை. போன் கைக்கு எட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உன் கட்டிலை ஒட்டி இருக்கிற பிளக் பாயின்டில்தான் சார்ஜ் போடுகிறாய், வந்தபோது பார்த்தேன். இனிமேல் கதவுப் பக்கம் அயர்ன் பாக்ஸுக்கு ஒரு பாயின்ட் இருக்கிறதே, அதில் போடு. 'அலாரத்துக்கு வேணும்' என்பாய். அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டேன், சித்தி வரும்போது கொண்டு வருவாள்.

மொத்தமாக விட்டுவிடு என்று சொல்லவில்லை. உன் தோழிகள் உன்னோடு பேசுவது அங்கேதான், அது வேண்டும். ஆப்பை போனிலிருந்து எடுத்துவிட்டு சனிக்கிழமை லேப்டாப்பில் பார்த்தால் என்ன? அமெரிக்காவில் 2018-இல் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். தினமும் ஒரு மணி நேரம்போல மிச்சமானது, மனசு கொஞ்சம் தேறியது. கொஞ்சம்தான், அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நீயும் ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறாதே. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் இந்தத் தளங்களில் கணக்கு வைக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. உன் வயசுக்கு எந்தச் சட்டமும் வந்து நிற்காது, நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, இதை நிதானமாகப் படி. போனைத் தள்ளி வைத்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால், அதைப் போன் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை உனக்கு வேண்டாம், அப்பாவிடம் பேசிவிட்டேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். நீ இருக்கிற பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அளவுக்கு மீறிய போன், இன்டர்நெட் பழக்கத்துக்கென்றே 2014-இலிருந்து 'ஷட்' என்று ஒரு கிளினிக் அங்கே நடக்கிறது. உன்னைப் போல நல்ல வேலையில் இருப்பவர்களும் போகிற இடம்தான்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒரு வார்த்தை சொல். எனக்கு லீவு நிறைய இருக்கிறது. ஈரோட்டில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது அங்கே இருப்பேன். ஓ.பி.யில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் கூடவே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா