பெடல் பெட்டியில் பூ வெட்டும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் உப்புவெளி அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அயல்வீட்டு முற்றத்தில் பொடியன்கள் வாளி வைத்துத் தகரப்பெட்டிகளை அசிற்றில் முக்குகிறார்களாம், ஆவி எழும்பி மூக்கை அரிக்கிறதாம். இப்படியான இரசாயனங்களை இளவயதினருக்கு விற்கவே கூடாது என்று கடைகளுக்கு உத்தரவு போடவேண்டும் என்கிறார். அந்த வாளியைச் சுற்றி நின்று கிற்றார்ப் பெடல் பெட்டியில் படம் அரித்து எடுத்தவர்களில் ஒருவன் என் மருமகனாகவும் இருக்கலாம். ஆகவே பதில் சொல்லும் கடமை எனக்கும் இருக்கிறது.

நான் நகைத்தொழில் செய்பவன். எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்தே கண்ணாடிக் குப்பியில் நைத்திரிக் அமிலம் இருக்கிறது. பொன்னுருக்குக்கு வரும் தங்கத்தை உரைகல்லில் உரசி, அந்தக் கோட்டில் ஒரு துளி விடுவோம்; மாற்றுக் குறைந்த பொன் என்றால் கோடு கரைந்துவிடும். அந்தக் குப்பியைத் தடைசெய்யச் சொல்லி யாரும் பத்திரிகைக்கு எழுதியதில்லை. அதை எப்படிப் பிடிப்பது, எங்கே வைப்பது, எப்போது மூடுவது என்று பக்கத்தில் இருந்து சொல்லித்தர எனக்கு ஒரு ஆள் இருந்தார். இந்தப் பொடியன்களுக்கு இல்லாதது அந்த ஆள்தான்.

அவர்கள் செய்வது என்ன என்று தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்கிற்றார் வாசிப்பவர்கள் காலால் மிதித்து ஓசையை மாற்றும் சின்னப் பெட்டியைப் பெடல் என்பார்கள். ஒன்று ஓசையைக் கரகரக்க வைக்கும், இன்னொன்று எதிரொலி தரும். 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, ஓசையைக் கரகரக்க வைக்கும் மேஸ்ட்ரோ ‘பஸ்’ (fuzz) பெடலுக்குள் இருந்தவை மூன்றே மூன்று ட்ரான்சிஸ்ரர்களும் கொஞ்சம் சில்லறைச் சாமான்களும்தான். கையாலேயே பற்றவைத்துச் செய்யக்கூடிய பொருள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் வாசித்துச் சம்பாதிக்கும் பொடியன்களால் வெளிநாட்டுப் பெடலை நினைத்தும் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் என் மருமகன் தானே பெடல் செய்யப் பழைய ரேடியோக்களைக் கழற்றத் தொடங்கினான்.

பெட்டி விஷயத்தில் அன்பரைத் திருத்தவேண்டும். அது தகரம் அல்ல, வார்ப்பு அலுமினியம். மின்விளக்கிலிருந்தும் வயர்களிலிருந்தும் வரும் இரைச்சல் உள்ளே புகாதிருக்க உலோகப்பெட்டி தேவை. மிதி தாங்கவும் வேண்டும். அதன்மேல் வண்ணம் அடித்தால் எங்கள் கடற்காற்றில் கொப்புளித்து உரியும். ஸ்ரிக்கர் ஒட்டினால் ஓரம் கிளம்பிவிடும். ஆனால் உலோகத்திலேயே அரித்து எடுத்த படத்தைச் சப்பாத்தும் அழிக்காது, உப்புக்காற்றும் அழிக்காது. இது இன்றைய பொடியன்கள் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. 500 வருடங்களுக்கு முன் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் போர்க்கவசங்களில் இப்படிப் பூவேலை செய்த டேனியல் ஹொப்பர் என்பவர்தான், அதே முறையில் இரும்புத் தகட்டை அரித்துக் கடதாசியில் படம் அச்சிட்ட முன்னோடி.

வேலை இப்படித்தான் நடக்கிறது. பெட்டியின் முகத்தை எமரிக் கடதாசியால் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப்பசை போகத் துடைக்கவேண்டும். விரல் பட்ட இடத்தில் படம் ஒட்டாது. படத்தை லேசர் பிரிண்டரில், வழவழப்பான சஞ்சிகைத் தாளில், இடம்வலம் மாற்றி எடுக்கவேண்டும். முத்திரை மோதிரம் வெட்டுபவனுக்கு இது புதிதல்ல. லேசர் பிரிண்டரின் கரி உண்மையில் பிளாஸ்ரிக் தூள். அயனின் சூட்டில் உருகி உலோகத்தில் பிடித்துக்கொள்ளும். மை தெளிக்கும் பிரிண்டரில் எடுத்தது தண்ணீரோடு போய்விடும். தாளை ஊறவைத்து மெல்ல உரித்தால் கரி மட்டும் மிஞ்சும். விடுபட்ட இடங்களைக் கியூட்டெக்ஸ் பூசி அடைத்து, மற்றப் பக்கங்களை ரேப் ஒட்டி மூடி, உலோகத்தை அரிக்கும் இரும்பு உப்பான பெரிக் குளோரைட்டின் கரைசலில் (அன்பர் அசிற் என்றது இதைத்தான்) முக்கினால், கரி மூடிய இடம் மேடாக நிற்கும், மூடாத இடம் பள்ளமாகும்.

ஆபத்து இருப்பது இந்தக் கடைசிப் படியில். பொடியன்கள் பெரிக் குளோரைட்டைப் பழகியது பெடலுக்குள் பாகங்களைப் பற்றவைக்கும், செம்புத்தகடு ஒட்டிய சேர்க்கிட் போட் செய்யும்போது. செம்பை அது சாதுவாக, அரை மணித்தியாலம் வரை எடுத்து அரிக்கும். ஆட்டிக்கொண்டு கதை பேசலாம். அலுமினியம் அப்படியல்ல. மேலிருக்கும் மெல்லிய ஒட்சைட்டுத் தோலைக் குளோரைட்டு உடைத்தவுடன் உலோகம் பொங்கத் தொடங்கும். ஐதரசன் குமிழ் விடும், கரைசல் சூடேறும், சூடேற ஏற வேகம் கூடும். அன்பரின் மூக்கை அரித்த ஆவி அந்தச் சூட்டில் எழும்பியதுதான். செம்புக்குச் சரியான கரைசலை அப்படியே அலுமினியத்துக்கு எடுத்து, பெட்டியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் வாளி கொதிக்கும், கரி இளகிப் படமும் உரிந்துபோகும்.

செய்யவேண்டியது கஷ்டமில்லை. கரைசலை நன்றாகத் தண்ணீர் சேர்த்து ஐதாக்கவேண்டும். தூளாக வாங்கினால் தண்ணீருக்குள் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், தூளின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. பெட்டியைச் சில விநாடிகள் மட்டும் முக்கி, எடுத்துக் கழுவி, ஆறவிட்டுத் திரும்ப முக்கவேண்டும். திறந்த வெளி, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். பாத்திரம் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். அலுமினியம் பட்ட கரைசலைப் போத்தலில் ஊற்றி உடனே இறுக மூடினால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். முடிந்தபின் அப்பச்சோடாக் கரைசலில் கழுவவேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சிய குளோரைட்டு பெட்டியை உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் கலந்திருப்பதால் அரித்த பள்ளம் தானாகவே கருஞ்சாம்பல் நிறமாகும். எனக்கு அந்த நிறமே பிடிக்கும். பள்ளத்தில் கறுப்பு வண்ணம் பூசி மேட்டைத் தேய்த்து மினுக்குவோரும் உண்டு.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் எல்லாம் மண்டையோடும் பறவைநாகமும்தான். வெளிநாட்டுக்காரன் சலித்துப்போய் விட்ட படங்கள். இப்போது மருமகன் ‘பஸ்’ பெடலில் எங்கள் திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்கும் கொம்பன் மானை வெட்டியிருக்கிறான். கொம்பின் கிளைகள் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் திருகிகளுக்கிடையே ஓடுகின்றன. சித்திர உளி பிடித்த கை எனக்கு. பொறாமைப்பட வைத்த வேலை அது. எதிரொலிப் பெடலுக்குச் சிக்குக்கோலம் போட்டான் இன்னொருவன். கோலம் இந்த முறைக்குப் பொருத்தமானது: ஒரே தடிப்பில் ஓடும் கோடு, பெரிய கறுப்பு வெளிகள் இல்லை. கறுப்பு வெளி பெரிதானால் கரி சீராக ஒட்டாமல் ஊசித்துளைகள் விழும்.

திருகிகளின் பெயரைத் தமிழில் வெட்டுகிறார்கள், அதுவும் சந்தோஷம். ஆனால் சின்ன எழுத்தில் வெட்டினால் புள்ளி நிற்காது. கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் தின்னும்; ஊசிமுனை அளவான புள்ளிதான் முதலில் போகும். மருமகனின் பெட்டியில் ‘கரகரப்பு’, ‘கரகரபபு’ ஆகிவிட்டது. புள்ளியை அச்சில் இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வரையச் சொன்னேன்.

அன்பர் எழுதாமல் விட்ட ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. வேலை முடிந்த கரைசல் எங்கே போகிறது? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முழுக்க மணற்பூமி. முற்றத்தில் ஊற்றியது கிணற்றுக்குப் போக நாளெடுக்காது. நகருக்குள் வாய்க்காலில் ஊற்றினால் கடலுக்குப் போகும். சேர்க்கிட் போட் அரித்த பழைய கரைசலில் செம்பு கரைந்திருக்கிறது. அதில் அலுமினியப் பெட்டியை முக்கினால் செந்நிறப் பஞ்சுபோல் வந்து படிவது அந்தச் செம்புதான். கொஞ்சச் செம்பு போதும், நீருக்குள் வாழும் உயிர்களைக் கொல்ல. ஆகவே ஊற்றவே கூடாது. சலவைச் சோடாவை நுரை அடங்கும்வரை சிறுகச் சிறுகச் சேர்த்தால் உலோகம் சேறாக அடியில் இறங்கும். அந்தச் சேற்றைக் காயவைத்துச் சீமெந்தில் குழைத்துக் கட்டியாக்கி வைக்கலாம். ஆனால் அந்தக் கட்டியை எங்கே கொடுப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. குப்பை வண்டியில் வீட்டுக்குப்பையோடு போடச் சொல்ல மனம் வரவில்லை. உள்ளூராட்சி மன்றம் மாதத்தில் ஒரு நாள், பழைய பற்றரிகளோடு சேர்த்து இதையும் வாங்கிக்கொள்ள ஒரு இடம் காட்டவேண்டும். நகைப்பட்டறைகளும் போட்டோ ஸ்ரூடியோக்களும் கூடப் பயன்பெறும்.

கடைகளுக்கு உத்தரவு வேண்டும் என்பதில் நானும் உடன்படுகிறேன், வேறு விதமாக. பெரிக் குளோரைட்டைக் குடிக்கும் சோடாப் போத்தலில் ஊற்றி, பெயர்கூட எழுதாமல் தருகிறார்கள். தேநீர் நிறத்தில் இருக்கும் அதை வீட்டில் ஒரு குழந்தை எடுத்தால்? பெயரும் எச்சரிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டாமல் விற்கக்கூடாது என்று சட்டம் போடட்டும். விற்பனையையே நிறுத்தினால் பொடியன்கள் கழிப்பறை கழுவும் அசிற்றைத் தேடிப் போவார்கள், அது இதைவிடக் கெடுதல்.

இன்னொன்று பாடசாலைகளுக்கு. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடத்துறை வந்தபின் பல பாடசாலைகளில் அதற்கென்றே ஆய்வுகூடங்கள் கட்டினார்கள். சனிக்கிழமை பின்னேரம் அதில் ஒரு மேசையை, ஒரு ஆசிரியரின் கண்பார்வையில், இந்தப் பொடியன்களுக்குத் திறந்துவிட்டால் என்ன? உப்புத்தண்ணீரும் 12 வோல்ற் அடாப்ரரும் வைத்து, பெட்டியை நேர்முனையில் தொடுத்து அரிக்கும் முறையும் இருக்கிறது. பெரிக் குளோரைட்டே தேவையில்லை. ஆனால் எதிர்முனையில் ஐதரசன் வரும், மின்சாரமும் தண்ணீரும் ஒரே மேசையில் இருக்கும். வீட்டில் தனியாகப் பழகும் வேலை அல்ல அது.

அந்த மேசை கிடைக்கும்வரை, மத்திய வீதிப் பக்கம் வரும் பொடியன்கள் என் பட்டறைக்குப் பெட்டியைக் கொண்டுவரலாம். பின்வளவில் இடம் இருக்கிறது, சலவைச் சோடாவும் இருக்கிறது. கண்ணாடி இல்லாமலும் செருப்பு இல்லாமலும் வருபவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
நகைத்தொழிலாளி ஒருவர்,
திருகோணமலை.