கொம்பன் சுறா ஒன்றல்ல: மீன்வளத் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நம் ஏலக்கூடங்களில் கொம்பன் சுறா (சுத்தியல்போன்ற தலையுடைய சுறா) என்ற ஒரே பெயரில் விலை கூறப்படும் மீன்களில் ஸ்பைர்னா லெவினி, ஸ்பைர்னா மொகாரன் என்னும் இரண்டு இனங்கள் உள்ளன. இரண்டையுமே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அழிவின் விளிம்பில் இருப்பவையாக வகைப்படுத்தியுள்ளது. 2013இல் பாங்காக் மாநாட்டில் இவ்விரண்டும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. இறங்குதளப் பதிவேடுகள் அனைத்திலும் இவை தனித்தனி வரிகளில் எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடையாளம் காண்பது கடினமன்று. லெவினியின் தலை முன்விளிம்பு வில்லாக வளைந்து, நடுவில் ஒரு குழிவும் அதன் இருபுறமும் சிறு குழிவுகளும் கொண்டிருக்கும். வளர்ந்த மொகாரனுக்கு அவ்விளிம்பு ஏறத்தாழ நேராக இருக்கும். முதுகின் முதல் துடுப்பு மிக உயரமாக எழுந்து அரிவாள்போல் பின்னோக்கி வளையும். குட்டி மொகாரனின் தலையும் சற்று வளைந்திருப்பதால், அங்கே வயிற்றுத் துடுப்பைப் பார்க்க வேண்டும்: பின்விளிம்பு உட்குழிந்திருந்தால் மொகாரன், நேராக இருந்தால் லெவினி. (நடுக்குழிவே இல்லாத ஸ்பைர்னா சைகீனாவும் உண்டு, அதற்கும் ஒரு வரி தேவை.)

பிரித்தெழுதச் சொல்வதன் காரணம், இவை வாழும் முறை வேறு என்பதால் இவற்றுக்கு வரும் ஆபத்தும் வேறு என்பதே. லெவினி கூட்டமாகத் திரிவது. கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் குட்டி ஈனுவது. ஏறத்தாழ அரை மீட்டர் நீளமே உள்ள அக்குட்டிகள் செவுள்வலைக்கும் இழுவைமடிக்கும் எளிதில் அகப்பட்டு, புட்டுக்கு உள்ளூரிலேயே விற்றுப்போகின்றன. சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015இல் வந்த தடை இந்தக் குட்டிகளைக் காக்காது. மொகாரனோ தனித்துத் திரிவது, 6 மீட்டர் வரை வளரக்கூடியது, பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறையே ஈனுவது. அதனால் வளர்ந்த பெண் மீன் ஒன்று போவதே பேரிழப்பு.

பிடிபட்டதைக் கடலிலேயே விட்டுவிடச் சொன்னால் போதும் என்று சிலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. தூண்டிலில் சிக்கிய கொம்பன் மற்றப் பல சுறாக்களைவிட விரைவில் இறந்துவிடுகிறது. பெரும்பாலும் படகுக்கு இழுக்கும்போதே உயிர் போயிருக்கும். பல கொக்கிகள் கொண்ட நீண்ட ஆயிரங்கால் தூண்டில் நீரில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதே மொகாரனுக்கு உதவும். ஆழ்கடல் சுறா வேட்டையில் தலைமுறை அனுபவமுள்ள கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்களைக் கலந்தே அதை வகுக்க வேண்டும். லெவினிக்கு வேண்டியது குட்டிகள் சேரும் கரையோர இடங்களை, அவை சேரும் மாதங்களில் காப்பது. கிழக்குக் கரையின் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, நாட்டுப்படகுகளின் செவுள்வலைகளை அல்ல.

அந்த இடங்களும் மாதங்களும் எவை என்பதைப் பதிவேடுதான் காட்ட முடியும். ஆகவே ஒவ்வொரு கொம்பனுக்கும் இனம், நீளம், பால், பிடித்த வலை அல்லது தூண்டில், பிடித்த இடம் ஆகியவற்றை எழுத உத்தரவிடுங்கள். முன்விளிம்பையும் துடுப்புகளையும் காட்டும் படத்தாள் ஒன்றை ஒவ்வொரு இறங்குதளத்திலும் ஒட்டச் செய்யுங்கள். வரும் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் புறப்படும் நாளிலேயே இதைத் தொடங்கலாம்.

மிக்க மரியாதையுடன்,
கடலோரக் குடிமகன் ஒருவன்