உயிர் இடக்கையில், மெய் வலக்கையில்

அன்புள்ள எல்லாருக்கும்,

கட்டுப் பிரித்து மூன்று நாள் ஆகிறது. இதை என் விரல்களாலேயே அடிக்கிறேன். வலக்கையில் இப்போதைக்கு இரண்டு விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மற்ற மூன்றும் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கின்றன. வலக்கையும் விலாவும் எப்படி முறிந்தன என்பது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும்.

தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்களுக்குத் தெரியும், உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். வலக்கை கட்டுக்குள் போனதும் எனக்கு மிஞ்சியது உயிர் மட்டும்தான். மெய்யில் வகரமும் ஙகரமும் மட்டும் எப்படியோ இந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன. ஆகவே முதல் நாள் படுக்கையிலிருந்து அம்மாவுக்கு நான் அனுப்பிய முழுச் செய்தி 'வா'. இடக்கையை அந்தப் பக்கம் எட்டிப் போட்டு இன்னும் நாலு எழுத்து அடித்திருக்கலாம்தான், விலா எலும்பு விடவில்லை. அம்மா வந்துவிட்டாள். அவளுக்கு இங்கே நன்றி சொன்னால் திட்டுவாள், அதனால் சொல்லவில்லை.

இந்த மடலில் பாதிக்கு மேல் ஒரே ஒருவரைப் பற்றித்தான் இருக்கும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரைப் போட்டால் அப்புறம் என்னோடு பேசமாட்டார், எனவே 'அண்ணன்' என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கள் மென்பொருள் குழுவில் யார் கோடு (கம்ப்யூட்டர் நிரல்) எழுதினாலும் கடைசியில் அவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். அவர் சரி என்று சொல்லி நான் கேட்டது குறைவு. 'பெயர் சரியில்லை' என்று திருப்பி அனுப்புவார். வேரியபிளுக்கு, அதாவது கோடில் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிக்கு, என்ன பெயர் வைத்தால் என்ன, கம்ப்யூட்டருக்கா தெரியப்போகிறது என்று வருடக்கணக்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

கை போனதும் நான் குரலுக்கு மாறினேன். டாலன் என்று ஒரு மென்பொருள். நாம் சொல்லச் சொல்ல அது அடிக்கும். ஆனால் கோடு என்பது மனிதர் பேசும் வாக்கியம் மாதிரி இருக்காதே. சொல்லாக இருந்தால் அப்படியே சொல்லலாம், முன்னால் 'ஸ்நேக்' என்றால் சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு போட்டுக்கொள்ளும். சொல்லாக இல்லாததை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பி, சி, டி, ஈ எல்லாம் காதுக்கு ஒரே மாதிரி விழும் என்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குட்டிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஏ-வுக்கு 'ஏர்', பி-க்கு 'பேட்', சி-க்கு 'கேப்', டி-க்கு 'ட்ரம்'. இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது.

மனப்பாடம் ஆகி என்ன பயன், மூச்சு வேண்டுமே. விலா முறிந்தவர்களுக்குத் தெரியும், ஆழமாக இழுக்க முடியாது. மேலோட்டமாக ஒரு வாய் இழுத்தால் நான்கைந்து சொல் வரும், பிறகு நிறுத்த வேண்டும். எங்கள் கோடில் ஒரு பெயர் இருந்தது. 'ப்ரீவியஸ் ரெக்வெஸ்ட் கவுன்ட்டர்' என்பதன் சுருக்கம். முதல் சொல்லில் நான்கு எழுத்து, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் நான்கு. ஆக 11 எழுத்துக்கு 11 சொல், நடுவே கீழ்க்கோடு இரண்டு. அந்த ஒரு பெயருக்கு மூன்று மூச்சு. அது ஒரே பக்கத்தில் ஆறு இடத்தில் வரும். அந்தப் பெயரை வைத்த மகானுபாவர் நான்தான்.

அந்த வாரம் எதையும் முடிக்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றுகூட ஒரு ராத்திரி தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் கோப்பைத் திறந்தால் என் கோடு எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுருக்கங்கள் எல்லாம் முழுச் சொற்களாக விரிந்திருந்தன. 'ஸ்நேக் ப்ரீவியஸ் ரெக்வெஸ்ட் கவுன்ட்டர்' என்றேன். நான்கு சொல், ஒரே மூச்சு. திரையில் வந்து உட்கார்ந்தது. திரும்ப ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், தேவையே இல்லாமல்.

யார் வேலை என்று கோப்பின் மாற்ற வரலாற்றைப் பார்த்தேன். சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தொடங்கி ஞாயிறு விடியற்காலை 4 மணி வரைக்கும் 41 கமிட் (செய்த மாற்றத்தைக் குறிப்போடு சேமிக்கும் பதிவு). பெயருக்கு ஒரு கமிட். எடிட்டரில் ஒரே அழுத்தில் எல்லா இடத்திலும் மாற்றலாம் என்பார்கள். கான்பிகரேஷன் கோப்பிலும் டெஸ்டிலும் மேற்கோளுக்குள்ளும் ஒளிந்திருப்பதை அந்த ஒரே அழுத்து பிடிக்காது, தேடித்தான் போக வேண்டும். தேடிப் போயிருக்கிறார். எல்லாக் கமிட்டிலும் 'பெயர் மாற்றம், செயல்பாட்டில் மாற்றமில்லை' என்ற வறட்டுக் குறிப்பு. 27ஆவதில் மட்டும் ஒரு வரி கூடுதல்: 'இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், க்யூட்டி என்கிறது.'

குவான்டிட்டி என்பதை க்யூ, டி, ஒய் என்று சுருக்கியிருந்தோம். அவசரத்தில் அதைச் சேர்த்துச் சொன்னால் மென்பொருள் 'அழகி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதிவைக்கும். எனக்கும் நாலு தடவை அப்படித்தான் ஆனது. அதைப் படித்ததும்தான் புரிந்தது, இவர் அதே மென்பொருளை நிறுவி, நடுராத்திரியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரையும் தன் வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறார். விலா வலித்தாலும் சிரித்தேன். சிரித்ததால் இன்னும் வலித்தது.

கேட்டேன். "பேரு கேவலமா இருந்துச்சு, மாத்தினேன். உனக்காகன்னு யாரு சொன்னா?" என்று போனை வைத்துவிட்டார். ஆனால் அவர் தொட்டது எல்லாம் அடுத்த இரண்டு மாதத்துக்கு நான் வேலை பார்க்க வேண்டிய கோப்புகள் மட்டும். பக்கத்துக் கோப்பில் அதைவிடக் கேவலமான பெயர்கள் அப்படியே கிடக்கின்றன.

இதனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கோடு எளிதாகப் புரிகிறது, எல்லாருக்கும் லாபம்தானே என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். மாற்றுத்திறனாளி ஒருவருக்குச் செய்ததை எல்லாருக்கும் லாபம் என்று கணக்குக் காட்டினால்தான் ஏற்றுக்கொள்வார்களா? எனக்காகச் செய்தார். அது போதாதா?

எனக்கு உதவுவது எளிதில்லை என்பது எனக்கே தெரியும். எலும்புக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் இழையில் மூன்றுக்கு ஒரு இடம் கிளைசின் என்ற அமினோ அமிலத்தினுடையது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து பிசகி அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தால், மூன்று இழைகளும் சேர்ந்து ஒழுங்காக முறுக்கிக்கொள்ளாது, எலும்பு நொறுங்கும். என் உடம்பில் இருக்கும் பக் அதுதான், அதைச் சரிசெய்யும் பேட்ச் இன்னும் வரவில்லை. சின்ன வயதில் பாசத்தோடு அக்குளில் கைகொடுத்துத் தூக்கியே என் எலும்பை முறித்தவர்கள் உண்டு. அவர்கள் அழுவார்கள், நான்தான் சமாதானப்படுத்த வேண்டும். உதவி வாங்குவதில் இப்படி ஒரு கூடுதல் வேலை எப்போதும் இருக்கும். அண்ணன் அந்த வேலையை எனக்கு வைக்கவில்லை. எங்கே பிடித்தால் வலிக்காது என்று தானே தேடிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்.

அதையே வாய்விட்டுக் கேட்டவர் எக்ஸ்ரே அறையில் இருந்தவர். "எப்படித் திருப்பணும்னு நீங்களே சொல்லுங்க, நான் கை மட்டும் கொடுக்கிறேன்" என்றார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை இறுகினாலே என்னைப் போன்றவர்களுக்கு எலும்பு முறியலாம் என்று தெரிந்து, தானே இயங்கும் இயந்திரத்தை ஒதுக்கிவைத்துக் கையால் மெதுவாகக் காற்றேற்றிய இரவு நேரச் செவிலியருக்கும், என் ராத்திரி ட்யூட்டியை யார் எடுத்தார்கள் என்றே தெரியாமல் பங்குபோட்டுக்கொண்ட குழுவுக்கும், சும்மா வந்து உட்கார்ந்து பேசாமல் போனவர்களுக்கும் (அதற்குத் தனி நன்றி), பிசியோதெரபிஸ்டுக்கும் கும்பிடு. அப்புறம், முகம் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். கைவலியால் விசைப்பலகையை விட்டுக் குரலுக்கு மாறி, 2013இல் பைத்தான் நிரல்மொழிக்காரர்களின் பைகான் மாநாட்டில் பேசியே கோடு எழுதிக் காட்டிய டாவிஸ் ரட். ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஒரு பெட்டி வருமே, எல்லாரும் எரிச்சலோடு மூடுவீர்களே, அந்த ஸ்டிக்கி கீஸை (ஷிப்டைத் தட்டிவிட்டு விரலை எடுத்தாலும் அடுத்த எழுத்துவரை அதை அழுத்தியதாகவே வைத்துக்கொள்ளும் வசதி) உருவாக்கிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ட்ரேஸ் மையத்தினர். விண்டோஸ் 95 காலத்திலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. இந்த மாதம் ஒற்றைக் கையால் நான் அடித்த ஒவ்வொரு பெரிய எழுத்தும் அதன் தயவு. இனிமேல் அதை மூடும்போது கொஞ்சம் மரியாதையாக மூடுங்கள்.

எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி எந்தப் பெயரையும் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்க்காமல் கமிட் செய்யமாட்டேன். பக்கத்துக் கோப்பில் கிடக்கும் பெயர்களையும் மாற்றப்போகிறேன், ஒரு நாளைக்கு ஒன்று. அந்தப் பக்கம் நாளை யார் வந்து உட்காருவார்கள், அவர்களுக்கு எது முடியும், எது முடியாது என்று எனக்கென்ன தெரியும்?

நேற்று, விரலால் எழுதிய முதல் கோடை அண்ணனுக்கு அனுப்பினேன். 30 வரிகூட இருக்காது. பெயர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் செலவழித்தேன். இன்று காலை பதில் வந்திருக்கிறது: 'பெயர் எல்லாம் நன்றாக இருக்கிறது. 14ஆவது வரியில் கணக்குத் தப்பு.'

தப்புதான். திருத்தப் போகிறேன்.

அன்புடன்,
இரண்டு விரல்களும் நானும்