அகராதி ஆசிரியர்களுக்கு: ‘இன்னொசென்ஸ்’ என்றால் அறியாமையா?

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

“இன்னொசென்ட்னா ஒண்ணும் தெரியாதவங்களாப்பா? அப்புறம் கோர்ட்டில் ஏன் அதைச் சொல்றாங்க?” என்று பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் கேட்டாள். வீட்டு அகராதியைப் புரட்டினேன். ‘இன்னொசென்ஸ்’ என்பதற்கு எதிரே அறியாமை, வெகுளித்தனம், கள்ளமின்மை என்று வரிசையாக இருந்தது. குற்றமின்மை கடைசியில் ஒதுங்கி நின்றது.

வேரைப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழ். லத்தீனில் ‘நொக்கேரே’ என்றால் தீங்கு செய்தல். முன்னால் வரும் ‘இன்’ மறுப்பு. ஆக, தீங்கு செய்யாதவர்தான் இன்னொசென்ட். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அறிதலைக் குறிக்கும் ‘நோஸ்கேரே’ என்ற வேறொரு வினை ஒலியில் நெருங்கி இருப்பதால், ‘அறியாதவர்’ என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. குழந்தை இயேசுவைத் தேடி ஏரோது மன்னன் கொன்றதாக பைபிள் சொல்லும் பச்சிளம் குழந்தைகளை டிசம்பர் 28 அன்று கத்தோலிக்கர்கள் ‘இன்னொசென்ட்ஸ்’ என்ற பெயரால்தான் நினைவுகூர்கிறார்கள். யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாத பிள்ளைகள்.

தெருவில் கலாட்டா செய்தால் போலீஸ் ‘நியூசென்ஸ் கேஸ்’ போடுமே, அந்த நியூசென்ஸும் நொக்கேரேயின் வாரிசுதான். இன்னும் மேலே போனால், வடமொழி ‘நாச’த்தையும் மொழியியலாளர்கள் இதே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். “நாசமாப் போறவனே” என்று எங்கள் பாட்டி வைததும் இன்னொசென்ஸும் தூரத்துச் சொந்தம்!

இதற்குத் தமிழ் தேடி அலையவும் வேண்டாம். திருக்குறளின் 32ஆம் அதிகாரம் ‘இன்னா செய்யாமை’. லத்தீன் சொல்லை அப்படியே பிரித்து வைத்ததுபோல இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரம் ‘வெகுளாமை’. அங்கே வெகுளி என்றால் கோபம். அந்தச் சொல்லைத்தான் இன்று சூதுவாது தெரியாதவருக்குச் சூட்டியிருக்கிறோம்.

அறியாமை என்ற பொருளும் ஆங்கில வழக்கில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோர்ட் வழக்கிலிருந்து விடுபட்டவரைச் செய்தியில் ‘அப்பாவி’ என்று எழுதும்போது, விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர் என்ற தொனி வந்துவிடுகிறது. அவருக்கு எல்லா விவரமும் தெரிந்திருக்கலாம். அந்தக் குற்றத்தை அவர் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பதிப்பில் ‘தீங்கு செய்யாமை, குற்றமின்மை’ என்று தொடங்கி, வேரையும் ஒரு வரியில் கொடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், சரி, ‘அறியாமை’யை மட்டுமாவது கடைசிக்குத் தள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அகராதியை அட்டை கிழியும்வரை புரட்டிய வாசகன்